வெள்ளிக்குப் போகும் கலத்துக்கு எந்த பிரேக் நல்லது?

வெள்ளிக் கோளுக்கு ஒரு விண்கலம் அனுப்ப 2024 செப்டம்பர் 18 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மொத்தம் 1,236 கோடி ரூபாய். அதில் 824 கோடி கலத்துக்கு மட்டும். 2028 மார்ச்சில் புறப்பட வேண்டும் என்பது திட்டம். எப்போது கிளம்பும், என்னென்ன கருவிகள் போகும் என்றுதான் செய்திகளில் பேச்சு. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுவது வேறு ஒன்று. அங்கே போய்ச் சேர்ந்த பிறகு இந்தக் கலம் எப்படி வேகத்தைக் குறைக்கப் போகிறது?

இதுவரை வெளியான திட்டப்படி, கலம் முதலில் வெள்ளியை ஒரு நீள்வட்டத்தில் சுற்றும். நெருங்கும்போது 500 கிலோமீட்டர், விலகும்போது 60,000 கிலோமீட்டர். ஆராய்ச்சிக்கு வேண்டிய பாதையோ 200-க்கு 600 கிலோமீட்டர். முதல் பாதையில் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 21 மணி நேரம் ஆகும். இரண்டாவதில் ஒரு மணி 35 நிமிடம்தான். முதலாவதிலிருந்து இரண்டாவதுக்கு எப்படி இறங்குவது என்பதில்தான் கலத்தின் எடை, ஆயுள், ராக்கெட்டின் அளவு எல்லாமே அடங்கியிருக்கிறது. கைவசம் உள்ள வழிகள் மூன்று. எஞ்சினை எரித்து இறங்கலாம். வெள்ளியின் காற்றில் மாதக்கணக்கில் உரசி உரசி இறங்கலாம். அல்லது ஒரே பாய்ச்சலில் காற்றுக்குள் ஆழமாகப் புகுந்து வெளியே வரலாம்.

அவ்வளவு தாழ்வாகப் போயே ஆக வேண்டுமா என்று கேட்கலாம். போகத்தான் வேண்டும். வெள்ளியை எப்போதும் மேகம் மூடியிருக்கிறது. தரையைப் பார்க்க ரேடார் வேண்டும். ரேடாரின் எதிரொலி தூரம் கூடக்கூட மிக வேகமாக மங்கிவிடும். ஈர்ப்பு விசையை அளக்கவும் தாழ்ந்த பாதை வேண்டும். அமெரிக்காவின் மெகல்லன் கலம் 1990 முதல் வெள்ளியின் தரையில் 98 சதவீதத்தை ரேடாரால் படம் பிடித்தது. ஆனால் அதன் பாதை நீள்வட்டமாக இருந்ததால், துருவப் பக்கங்களில் ஈர்ப்பு அளவீடு தெளிவாக வரவில்லை. அந்தக் குறையைத் தீர்க்க அவர்கள் செய்த காரியத்துக்குப் பிறகு வருகிறேன்.

எஞ்சினை மட்டும் நம்பினால்

நமக்கு நன்றாகப் பழகிய வழி இது. 2014 செப்டம்பர் 24 காலையில் மங்கள்யான் செவ்வாயைச் சுற்றத் தொடங்கியது இப்படித்தான். கிட்டத்தட்ட 300 நாள் தூங்கிக் கிடந்த 440 நியூட்டன் எஞ்சின், இரண்டு நாள் முன்பு 4 வினாடி சோதித்துப் பார்க்கப்பட்டு, அன்று 24 நிமிடம் போல எரிந்தது. வினாடிக்கு 1,099 மீட்டர் வேகம் குறைந்தது. அதற்குச் செலவான எரிபொருள் 249.5 கிலோ. இஸ்ரோவின் திரவ எஞ்சின்களைச் சோதிக்கும் இடம் திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரி. திட்ட இயக்குநர் சுப்பையா அருணன், திட்டத்தின் பொறுப்பை மொத்தமாக ஏற்றிருந்த மயில்சாமி அண்ணாதுரை, இருவரும் தமிழர்கள். அந்தக் காலையை நம்மில் பலர் மறக்க மாட்டோம்.

எஞ்சின் வழியின் பெரிய பலம், வேலை சீக்கிரம் முடிந்துவிடும். அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும், வென்றோமா தோற்றோமா என்று. கோளின் காற்று எப்படி இருக்கிறது என்று தெரிந்து வைத்திருக்கத் தேவையில்லை. கலத்தின் வடிவமும் எப்படி வேண்டுமானாலும் இருக்கலாம். மங்கள்யானுக்குச் சூரியத் தகடுகள் ஒரே பக்கத்தில்தான் இருந்தன. காற்றில் உரசிப் போகும் கலத்துக்கு அந்த வடிவம் ஆகாது. ஒரு பக்கம் மட்டும் காற்றில் மாட்டினால் கலம் திருகிக்கொள்ளும்.

ஆனால் அன்று மங்கள்யான் போய் நின்ற பாதையைப் பாருங்கள்: 422 கிலோமீட்டருக்கு 77,000 கிலோமீட்டர். ஒரு சுற்றுக்கு மூன்று நாளுக்கு மேல். அதைத் தாழ்ந்த வட்டப் பாதைக்குக் கொண்டுவந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? கணக்குப் போட்டுப் பார்த்தேன். இன்னும் வினாடிக்கு 1.28 கிலோமீட்டர் குறைக்க வேண்டும். அரை டன் எடையுள்ள கலத்துக்கு அதற்குச் சுமார் 250 கிலோ எரிபொருள் வேண்டும். அது அங்கே கையில் இருக்க வேண்டுமென்றால், அதைச் சுமந்தபடி செவ்வாயில் முதல் பிரேக் போட வேண்டும். அதற்கு இன்னும் நூறு கிலோவுக்கு மேல். இது மொத்தத்தையும் பூமியின் பிடியிலிருந்து கிளப்ப வேண்டும். அதற்கும் சேர்த்தால் கூடுதல் எடை 600 கிலோவைத் தொடுகிறது. மங்கள்யானின் மொத்த எடையே 1,337 கிலோதான். பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டால் அதற்கு மேல் அவ்வளவு சுமையைத் தூக்கியிருக்க முடியாது.

எரிபொருளைச் சுமக்கவே எரிபொருள் எரிகிறது. விண்வெளிக் கணக்கில் என்னை இன்றும் திகைக்க வைப்பது இதுதான். வேகக் குறைப்பு கூட்டல் கணக்கில் ஏறும்போது, எடை பெருக்கல் கணக்கில் ஏறுகிறது.

அதற்காக மங்கள்யானின் நீண்ட பாதை தவறு என்று சொல்ல மாட்டேன். அந்தத் தூரத்திலிருந்துதான் செவ்வாயின் முழு உருண்டையையும் ஒரே படத்தில் பிடிக்க முடிந்தது. ஐக்கிய அரபு அமீரகத்தின் ஹோப் கலம் 2021 பிப்ரவரியில் 27 நிமிடம் எஞ்சினை எரித்துச் செவ்வாயை அடைந்தது. அதுவும் 20,000-க்கு 43,000 கிலோமீட்டர் என்ற உயரமான பாதையில்தான் நிற்கிறது, கோள் முழுவதன் வானிலையையும் சேர்த்துப் பார்க்க. வேண்டிய பாதையே உயரமாக இருந்தால் எஞ்சின் மட்டும் போதும். மேற்கொண்டு யோசிக்க வேண்டியதில்லை.

வெள்ளியில் நிலைமை அப்படி இல்லை. வெள்ளி கிட்டத்தட்ட பூமி அளவுக்குக் கனமான கோள். ஈர்ப்பு செவ்வாயைவிடப் பல மடங்கு ஆழம். அங்கே வந்து சேரும் கலம் 60,000 கிலோமீட்டர் நீள்வட்டத்தில் சிக்குவதற்கு வினாடிக்கு 1 கிலோமீட்டர் அளவுக்குக் குறைத்தால் போதும். அதிலிருந்து 200-க்கு 600 என்ற பாதைக்கு இறங்கத்தான் பெரும்பாடு: வினாடிக்கு 2.4 கிலோமீட்டர். செவ்வாயில் இந்த இரண்டு வேலையும் ஏறக்குறைய சமம். வெள்ளியில் சிக்குவதைவிட இறங்குவது இரண்டரை மடங்கு செலவு. 1,000 கிலோ கலம் கடைசிப் பாதையில் நிற்க வேண்டுமென்றால், இறங்க மட்டும் சுமார் 1,190 கிலோ எரிபொருள் வேண்டும், அதாவது கலத்தைவிட அதிகம். அதையும் சுமந்துகொண்டு வெள்ளியை நெருங்கும்போது எடை 2,900 கிலோவைத் தாண்டும். இறங்கும் வேலையைக் காற்றிடம் கொடுத்துவிட்டால் 1,350 கிலோவை ஒட்டி நின்றுவிடும்.

எஞ்சின் என்றால் ஆபத்தே இல்லை என்றும் நினைக்க வேண்டாம். 2010 டிசம்பரில் ஜப்பானின் அகாட்சுகி வெள்ளியை அடைந்தபோது, எரிபொருள் குழாயின் வால்வு ஒன்று சரியாகத் திறக்காமல், முக்கிய எஞ்சின் பாதியிலேயே நின்றுபோனது. கலம் வெள்ளியைக் கடந்து போய்விட்டது. ஐந்து ஆண்டு சூரியனைச் சுற்றிவிட்டுத் திரும்பி வந்து, 2015 டிசம்பரில், நிலையைத் திருப்புவதற்கென்று வைத்திருந்த சிறு உந்திகளை எரித்து உள்ளே நுழைந்தது. முதலில் நினைத்ததைவிட மிக நீண்ட பாதைதான் கிடைத்தது. அதைக் காப்பாற்றியவர்களின் பொறுமையை நினைத்தால் கண் கலங்குகிறது. அதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியதும் உண்டு. எஞ்சினுக்குக் கொடுக்கும் வேலை எவ்வளவு சிறியதோ, அது தவறினால் தப்பிக்கும் வாய்ப்பு அவ்வளவு பெரியது.

காற்றில் உரசி இறங்குவது

ஊஞ்சலில் வேகமாக ஆடும்போது நிறுத்த வேண்டுமென்றால் என்ன செய்வோம்? ஊஞ்சல் அடியில் வரும்போது பாதத்தைத் தரையில் லேசாக உரச விடுவோம். ஒவ்வொரு உரசலுக்கும் மேலே ஏறும் உயரம் கொஞ்சம் குறையும். அடிப்புள்ளி அதே இடத்தில்தான் இருக்கும். ஏரோபிரேக்கிங் என்பது இதேதான். கலம் கோளுக்கு மிக அருகில் வரும் இடமான அண்மைப்புள்ளியை மட்டும் வளிமண்டலத்தின் மேல் ஓரத்துக்குள் இறக்கிவைப்பார்கள். ஒவ்வொரு சுற்றிலும் சில நிமிடம் காற்று உரசும். மறுமுனையில், கலம் கோளைவிட்டு மிகவும் விலகிப் போகும் இடமான தொலைவுப்புள்ளி தானாகச் சரிந்துகொண்டே வரும். சரி, வேண்டிய அளவுக்கு வந்ததும்? தொலைவுப்புள்ளியில் ஒரு சின்ன எரிப்பு. அண்மைப்புள்ளி காற்றை விட்டு மேலே வந்துவிடும்.

காற்று என்றதும் பெரிய மோதல் என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் அழுத்தம் வியக்கும் அளவுக்குச் சிறியது. செவ்வாயில் இப்படி உரசிய கலங்களின் தகடுகள் தாங்கியது சதுர மீட்டருக்கு ஒரு நியூட்டனுக்கும் குறைவு. சாதாரண நோட்டுப் புத்தகத் தாள் ஒன்றை மேசைமேல் விரித்தால், அது மேசையை அழுத்தும் அளவுதான். சிக்கல் சூட்டில் இருக்கிறது. வினாடிக்கு 4.6 கிலோமீட்டர் வேகத்தில் அந்தத் தாளளவு அழுத்தம், பூமிக்கு மேலே விழும் வெயிலைப்போல் இரு மடங்கு வெப்பத்தைக் கொண்டுவரும். வெள்ளியில் அண்மைப்புள்ளி வேகம் 9.7 கிலோமீட்டர், அதே அழுத்தத்துக்கு வெப்பம் இன்னும் இரு மடங்கு. அங்கே வெயிலே பூமியைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. செவ்வாயில் செய்ததை அப்படியே எடுத்து வெள்ளியில் செய்துவிட முடியாது என்பதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

வளிமண்டலத்தில் உரசிப் பார்த்த முதல் கலம் ஜப்பானின் ஹிட்டென். 1991 மார்ச் 19 அன்று, பூமிக்கு மேலே சுமார் 125 கிலோமீட்டர் உயரத்தில், வினாடிக்கு 11 கிலோமீட்டர் வேகத்தில். முடியும் என்று காட்டிய சோதனை அது. உண்மையான வேலைக்கு அதைப் பயன்படுத்தியது, நான் மேலே சொன்ன மெகல்லன். அதன் 3.7 மீட்டர் ஆண்டெனா வாயேஜர் திட்டத்தில் மிஞ்சிய உதிரி. காற்றில் ஓட்டுவதற்காக யாரும் அந்தக் கலத்தை வடிவமைக்கவில்லை. ரேடார் வேலை முடிந்த பிறகு, மீதமிருந்த எரிபொருளால் ஒருபோதும் எட்ட முடியாத ஒரு பாதையைக் காற்றின் உதவியோடு எட்டிப் பார்க்க முடிவு செய்தார்கள். 1993 மே 25 அன்று தொடங்கி 70 நாள், எழுநூறுக்கும் மேற்பட்ட சுற்றுகள். தொலைவுப்புள்ளி 8,500 கிலோமீட்டரிலிருந்து 540-க்கு வந்தது; மூன்றேகால் மணி நேரச் சுற்று 94 நிமிடமாகச் சுருங்கியது. வினாடிக்கு 1.2 கிலோமீட்டர் வேகத்தைக் காற்று வாங்கிக்கொண்டது. அதற்குப் பிறகுதான் துருவங்கள் வரை ஈர்ப்பு வரைபடம் ஒழுங்காக வந்தது. இஸ்ரோவின் கலம் போகப் போகும் இடத்தில், அது செய்யப்போகும் அதே வேலையை, அதற்கென்று செய்யப்படாத ஒரு கலம் முன்பே செய்து காட்டியிருக்கிறது. இந்த ஒப்பீட்டில் என் மனதை முதலில் சாய்த்தது இதுதான்.

அப்புறம் செவ்வாயில் இது வழக்கமாகிவிட்டது. 2001 அக்டோபரில் போய்ச் சேர்ந்த ஒடிஸி, 332 உரசல்களில் 2002 ஜனவரி 11-க்குள் வேலையை முடித்தது. 200 கிலோவுக்கு மேல் எரிபொருள் மிச்சம். 2006-இல் மார்ஸ் ரிகானைசன்ஸ் ஆர்பிட்டர் ஐந்து மாதத்தில் நானூறுக்கும் மேற்பட்ட முறை உரசி இறங்கியது. ஐரோப்பாவின் டிரேஸ் கேஸ் ஆர்பிட்டர் 2017 மார்ச்சில் தொடங்கி 2018 பிப்ரவரி 20 வரை 950 முறைக்கு மேல்.

இவற்றில் நான் திரும்பத் திரும்பப் படிப்பது மார்ஸ் குளோபல் சர்வேயரின் கதை. 1996 நவம்பரில் புறப்பட்ட கையோடு, ஒரு சூரியத் தகடு விரியும்போது அதன் சிறு உறுப்பு ஒன்று உடைந்து இடையில் சிக்கிக்கொண்டது. தகடு முழுதாகப் பூட்டிக்கொள்ளவில்லை. 1997 செப்டம்பரில் செவ்வாயை அடைந்து உரசத் தொடங்கினார்கள். அக்டோபரில் ஒரு சுற்றில் காற்று எதிர்பார்த்ததைவிடத் தடிப்பாக இருந்தது. அந்தத் தகடு இருக்க வேண்டிய நிலையைத் தாண்டி வளைந்தது. உடனே நிறுத்தினார்கள். ஒரு மாதம் யோசித்துவிட்டு, முதலில் நினைத்த அழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்கோடு மீண்டும் தொடங்கினார்கள். 1998 மார்ச்சில் தொடங்க வேண்டிய வரைபட வேலை 1999 மார்ச்சில்தான் தொடங்கியது. ஒரு முழு ஆண்டு தாமதம்.

தாமதம் வீணாகவும் போகவில்லை. உரசும்போது கலம் நூறு கிலோமீட்டர் சொச்சத்துக்குத் தாழ்ந்து போனதால், செவ்வாயின் தரைப்பாறைகளில் பழைய காந்தப்புலம் உறைந்து கிடப்பதை அதன் காந்தமானி கண்டுபிடித்தது. உயரமான வட்டப் பாதையில் இருந்து அவ்வளவு தெளிவாக அது தெரிந்திருக்காது. அழுத்தத்தைப் பாதியில் குறைத்துக்கொள்ள முடிந்தது, நிறுத்த முடிந்தது, மறுபடி தொடங்க முடிந்தது. மற்ற இரண்டு வழிகளிலும் இதற்கு இடமே இல்லை. எஞ்சின் எரியும்போது பாதியில் நின்றால் அகாட்சுகி கதி. மூன்றாவது வழியிலோ யோசிக்க நேரமே கிடையாது.

இதற்கு விலை உண்டு. முதலாவது விலை காலம். வெள்ளிக்கு ஆறு முதல் எட்டு மாதம் என்பது இஸ்ரோவின் திட்டம். 2031-இல் புறப்படவிருக்கும் ஐரோப்பாவின் என்விஷன் கலம் அதே வெள்ளியில் ஓராண்டுக்கு மேல் இதற்கு ஒதுக்கியிருக்கிறது. இரண்டாவது விலை ஆட்கள். தொடக்கத்தில் நாளுக்கு ஒரு முறை உரசும் கலம், முடியும் தறுவாயில் நாளுக்கு 15 முறை உரசும். ஒவ்வொரு முறையும் காற்று நேற்று இருந்ததுபோல் இருக்காது. இன்று எவ்வளவு தடிப்பு, நாளை அண்மைப்புள்ளியை ஒன்றிரண்டு கிலோமீட்டர் ஏற்றலாமா இறக்கலாமா என்று இரவும் பகலும் ஒரு குழு உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டும். மூன்றாவதாக, பொறியியல். தகடுகள் இரு பக்கமும் சமமாக, சூடு தாங்கும் பசையோடும் கம்பிகளோடும் இருக்க வேண்டும். மேல் வளிமண்டலத்தில் உள்ள ஆக்சிஜன் அணுக்கள் அந்த வேகத்தில் மோதி மேல்பூச்சை அரிக்கும். அதையும் முன்கூட்டியே சோதிக்க வேண்டும்.

ஒரே பாய்ச்சல்

மூன்றாவது வழியின் பெயர் ஏரோகேப்சர். எஞ்சினே வேண்டாம், மாதங்களும் வேண்டாம். வெப்பக் கவசத்துக்குள் கலத்தை மடித்து வைத்து, காற்றுக்குள் ஆழமாக ஒரே ஒரு முறை புகுந்து, சில நிமிடத்தில் வேண்டிய வேகத்தை இழந்து, நேராக வேண்டிய பாதைக்கு வந்துவிடுவது. காகிதத்தில் இதைவிட அழகான வழி கிடையாது. இதுவரை எந்தக் கோளிலும் இதைச் செய்து யாரும் ஒரு கலத்தைச் சுற்றுப்பாதையில் வைத்ததில்லை. ஒடிஸிக்கு முதலில் யோசித்தது இந்த வழிதான். பிறகு விட்டுவிட்டு உரசலுக்கு வந்தார்கள்.

காரணம், புகும் வாசலின் அகலம் மிகக் குறைவு. கொஞ்சம் மேலே போனால் வேகம் போதிய அளவு குறையாமல் கலம் விண்வெளிக்கே திரும்பிப் போய்விடும். கொஞ்சம் கீழே போனால் எரிந்துவிடும். 1999 செப்டம்பர் 23 அன்று மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டருக்கு நேர்ந்ததை நினைத்துப் பாருங்கள். அது எஞ்சினை எரித்து நுழைய வந்த கலம்தான். பவுண்டு கணக்கும் நியூட்டன் கணக்கும் குழம்பியதால், 226 கிலோமீட்டர் உயரத்தில் கடக்க வேண்டியது 57 கிலோமீட்டருக்கு இறங்கிவிட்டது. அதன்பின் அதன் குரல் கேட்கவில்லை. வழிசெலுத்தலில் ஒரு பிழை, காற்று எதையும் மன்னிக்காது. ஏரோகேப்சரில் ஒவ்வொரு பயணமும் அந்தக் காற்றின் விளிம்பில்தான் நடக்கும்.

தொழில்நுட்பத்தின் பாதி நம்மிடம் இருப்பது உண்மை. நிலவிலிருந்து திரும்பும் கலங்கள் காற்றில் புகுந்து எழும்பி மீண்டும் புகும் வித்தையைச் செய்திருக்கின்றன. 2022 டிசம்பரில் அமெரிக்காவின் ஒரியன் கலம் அப்படித்தான் இறங்கியது. இஸ்ரோவும் 2007 ஜனவரியில் எஸ்.ஆர்.இ. கலத்தைச் சுற்றுப்பாதையிலிருந்து வங்கக் கடலில் இறக்கியது. 2022 செப்டம்பரில் தும்பாவிலிருந்து ஏவிய ரோகிணி ராக்கெட்டில், காற்றடைத்து விரியும் பிரேக் ஒன்றையும் சோதித்தது. ஆனால் பூமியின் சுற்றுப்பாதையிலிருந்து இறங்குவது வினாடிக்கு 8 கிலோமீட்டருக்கும் குறைவான வேகம். வெள்ளியில் புகும்போது 10.5 கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். சூடு வேகத்தின் மூன்றாம் அடுக்கில் ஏறும். அதோடு, ரேடாரின் பெரிய ஆண்டெனாவைக் கவசத்துக்குள் மடித்து, வெளியே வந்ததும் விரிக்க வேண்டும். முதல் முறையாக வெள்ளிக்குப் போகும்போது இந்த இரண்டையும் சேர்த்துத் தலையில் ஏற்றிக்கொள்வது சரியல்ல என்பது என் திடமான எண்ணம்.

யுரேனஸ், நெப்டியூன் என்றால் பேச்சே வேறு. அவ்வளவு தூரத்துக்கு விரைவாகப் போனால் அங்கே நிறுத்துவதற்கு எஞ்சினால் முடியாது; மெதுவாகப் போனால் பத்து, பன்னிரண்டு ஆண்டு. அங்கே ஏரோகேப்சர்தான் கதவைத் திறக்கும். யாராவது ஒரு சிறிய கலத்தைக் கொண்டு அதைப் பூமியிலேயே சோதித்துப் பார்க்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

மின்சாரத்தால் அயனிகளை வேகமாக வெளியே வீசித் தள்ளும் மின் உந்துதலையும் சிலர் சொல்வார்கள். அமெரிக்காவின் டான் கலம் 2011-இல் வெஸ்டா என்ற சிறுகோளைச் சுற்றியது அப்படித்தான். வெள்ளியில் வெயிலுக்குப் பஞ்சமில்லை, எரிபொருளும் குறைவுதான். ஆனால் வெள்ளியின் ஆழமான ஈர்ப்புக்குள் மெல்லிய உந்துதலோடு சுருள் சுருளாக இறங்க மிக நீண்ட காலம் பிடிக்கும். அதே மாதங்களைக் காற்றிடம் கொடுத்தால் காசில்லாமல் செய்துகொடுக்கும்.

ஆக, முதல் எரிப்புக்கு எஞ்சின், மற்றதற்குக் காற்று

இஸ்ரோவின் திட்டம் சரியானது என்றே எனக்குப் படுகிறது. வெள்ளியில் எடைக் கணக்கு ஒரு பக்கமாக அவ்வளவு சாய்ந்திருக்கிறது. மங்கள்யானில் எஞ்சினை மட்டும் நம்பியது அன்றைக்குச் சரி. அதே மனப்பழக்கத்தோடு வெள்ளிக்குப் போனால் ரேடாரை இறக்கிவைத்துவிட்டு எரிபொருளை ஏற்ற வேண்டியிருக்கும். எரிபொருள் மிச்சம் இருப்பதன் அருமை நமக்கு நன்றாகத் தெரியும். 2017 ஜனவரியில், தகடுகளுக்கு வெயிலே கிடைக்காத நீண்ட கிரகணத்திலிருந்து மங்கள்யானைத் தப்பிக்க வைக்கவே சுமார் 20 கிலோ செலவானது. கடைசியில் 2022-இல் இன்னொரு நீண்ட கிரகணம் வந்தபோது, விலகிப் போகக் கலத்தில் எரிபொருள் இல்லை. எட்டு ஆண்டு உழைத்த கலம் அதோடு மௌனமானது.

ஆனால் இந்த வழியை எடுத்துக்கொண்டால் சிலவற்றை முதல் நாளிலேயே தீர்மானித்துவிட வேண்டும்; பிறகு சேர்க்க முடியாது. தகடுகள் இரு பக்கமும் சமமாக இருக்க வேண்டும் என்பது முதலாவது. கலம் தானே காற்றின் இழுப்பை உணர்ந்து, அடுத்த அண்மைப்புள்ளி எப்போது வரும் என்று கணித்து, தன் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்பது அடுத்தது. வெள்ளிக்குச் செய்தி போய்ச் சேர இரண்டு நிமிடம் முதல் 14 நிமிடம் வரை ஆகும். சுற்று ஒன்றரை மணி நேரமாகச் சுருங்கிய பிறகு ஒவ்வொரு திருத்தத்துக்கும் பூமியின் பதிலுக்குக் காத்திருக்க முடியாது. இதே மென்பொருள் செவ்வாய்க் கலங்களில் நன்றாக வேலை செய்திருக்கிறது. எல்லை மீறினால் பூமியைக் கேட்காமலே கலம் தன்னை மேலே தூக்கிக்கொள்ளும் ஏற்பாடும் அதோடு வேண்டும்.

வெள்ளியின் காற்றைப் பற்றிய அறிவும் போதாது. 2014-இல் ஐரோப்பாவின் வீனஸ் எக்ஸ்பிரஸ், தன் ஆயுள் முடியும் தறுவாயில், மே 18 முதல் ஜூலை 11 வரை 130 கிலோமீட்டரை ஒட்டி உரசிப் பார்த்தது. 165-லிருந்து 130 கிலோமீட்டருக்கு இறங்குவதற்குள் காற்றின் அடர்த்தி சுமார் ஆயிரம் மடங்கு ஏறுகிறது. அப்படிப்பட்ட இடத்தில் ஒன்றிரண்டு கிலோமீட்டர் பிசகுவதன் பொருள் என்ன என்று சொல்லவே வேண்டாம். வெள்ளியில் செவ்வாயைப்போல் புழுதிப் புயல் இல்லை என்பது ஆறுதல். ஆனால் பகல் பக்கத்துக் காற்றும் இரவு பக்கத்துக் காற்றும் ஒன்றல்ல. மெகல்லன், வீனஸ் எக்ஸ்பிரஸ் இரண்டின் பதிவுகளையும் எடுத்து வைத்துக்கொண்டு, நம் பல்கலைக்கழகங்களில் ஒரு சிறு குழு இப்போதே அந்த உயரத்துக் காற்றுக்கு மாதிரி எழுதத் தொடங்க வேண்டும். ராக்கெட் கிளம்பிய பிறகு ஆளைத் தேடுவது பயன்படாது.

கடைசியாக, காலம். எட்டு மாதத்தில் முடியும் என்று நாட்காட்டியில் எழுதினால், பன்னிரண்டு மாதத்துக்குச் சம்பளமும் ஆண்டெனா நேரமும் ஒதுக்கி வைக்க வேண்டும். டிரேஸ் கேஸ் ஆர்பிட்டரே 2017 கோடையில், சூரியன் நடுவில் வந்து பேச்சு தடைப்பட்ட வாரங்களில், உரசலை நிறுத்திவிட்டு மேலே ஒதுங்கி நின்றது. பெங்களூருக்கு அருகே பியாலாலுவில் நம் 32 மீட்டர் ஆண்டெனா இருக்கிறது. ஆனால் பூமி சுழல்வதால் நாளில் பாதி நேரம் வெள்ளி அதன் கண்ணில் படாது. முடிவுக் கட்டத்தில் நாளுக்கு 15 உரசல் நடக்கும்போது அந்தப் பாதி நேரத்துக்கு வேறு நாட்டு ஆண்டெனாக்களோடு இப்போதே ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும். அது 824 கோடிக்குள் வருகிறதா, வெளியே வருகிறதா என்பதுதான் இந்தத் திட்டத்தில் நான் அடுத்து தேடிப் படிக்கப் போகும் செய்தி.